வெள்ளைப் புள்ளி பார்க்கிறவள்

எங்கள் தொழிலில் நோயாளி நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடுவான். எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டான்.

நான் பார்ப்பது கடல் மீன்களை. குழம்பில் போடுகிற கடல் மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் விட்டு வளர்க்கிற அழகு மீன். பாலக்காட்டில் கடல் கிடையாது. பாக்கெட் உப்பை வாங்கிச் சுத்திகரித்த தண்ணீரில் கலக்கி, நாலடி நீளத்துக்கு ஒரு கடலை நாமே வரவேற்பறையில் செய்து வைத்திருக்கிறோம். அந்த நாலடிக் கடலுக்குள் ஒரு மீன் பாறையில் உடம்பை உரசினால் போதும், வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி இருந்தால் நான் சொல்வது புரியும். பல்கூடத் துலக்காமல் போய்க் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, நேற்று இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி இன்று இருக்கிறதா என்று தேடுகிற கூட்டம் நாம். அந்தப் புள்ளி ஒட்டுண்ணியா, வேறு நோயா, வெறும் தூசியா என்று சொல்வதுதான் என் வேலை.

மனிதரிலிருந்து மீனுக்கு

பதினெட்டு வருடம் நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ரத்தம், சிறுநீர், மலம். கொக்கிப்புழு முட்டையைத் தேடித் தேடி என் வலது கண் கொஞ்சம் சுருங்கியே போய்விட்டது. ஒருநாள் நிர்வாகம் லேபை மூடியது. இனிமேல் சாம்பிளை எல்லாம் வெளிக் கம்பெனி பைக்கில் வந்து எடுத்துப்போகும் என்றார்கள். நான் உட்கார்ந்திருந்த அறை பில்லிங் கவுண்டர் ஆனது. பழைய மைக்ராஸ்கோப் யாருக்கும் வேண்டாததாக இருந்ததால் எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதைப் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊரான பெருமாட்டிக்குப் போகிற பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் அது அலமாரியில் கிடந்தது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தேன்.

ஷாகுல் அண்ணன் டவுனில் அலங்கார மீன் கடை வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்தில் அது துணிக்கடை. சர்க்கரைக்காக மாதாமாதம் என்னிடம் ரத்தம் கொடுத்த பழக்கத்தில், என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அப்போதுதான் செத்த ஒரு கோமாளி மீன், உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல. "இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியுமா?" என்றார். கண்ணாடிச் சில்லின் விளிம்பால் செதிலை மெல்ல வழித்து, அந்தச் சளியை ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். கறுத்த உருண்டை ஒன்று, உடம்பைச் சுற்றிலும் மெல்லிய மயிர்கள் அசைய, அவசரமே இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு என் கண்ணுக்கு ஒரு வேலை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மீன் சளியைப் பார்த்து அழுகிற பெண்ணை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். அழுது முடிக்கும்வரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஞாயிறு தவிர மற்ற நாள் கடைக்கு வந்து இந்த வேலையைப் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் முகம் சுளிப்பேனோ என்று பயந்து, பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்: "பதினெட்டு வருசம் மனுசரோடத பாத்தவங்க நீங்க. அதுக்கு மீனோட சளி எவ்வளவோ மேல், கோகிலாம்மா."

புள்ளி மறைந்த நாள்

வெள்ளைப் புள்ளி நோயில் நம்மை ஏமாற்றுவது அது மறைகிற நாள். ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் சில நாள் தின்று கொழுத்து, தானாகவே உதிர்ந்து மணலில் இறங்கிக் கூடு கட்டும். மீன் பளிச்சென்று ஆகிவிடும். நாம் சாமிக்குத் தேங்காய் உடைப்போம். கூட்டுக்குள் அந்த ஒன்று நூறாகிக்கொண்டிருக்கும்.

கோயில் தெருவில் ஒரு ரிட்டயர்டு என்ஜினீயர். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் அவரும் ஐந்து மீன்களும்தான். புள்ளிகளைப் பார்த்துவிட்டு, எல்லா மீனையும் எடுத்துத் தனித் தொட்டியில் விட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ரெண்டு நாள் பார்க்கலாமே என்றார். மூன்றாம் நாள் போன் வந்தது. "எல்லாம் போயாச்சு, கேட்டேளா? ஒண்ணு பாக்கி இல்லை. பூண்டுச் சாறு கலந்து கொடுத்தேன், அதோட சரியாயிடுத்து." மணலுக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கினேன். "வெறுமனே பயமுறுத்தறேள்" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

பதினோராம் நாள் மறுபடி கூப்பிட்டார். போனபோது நான்கு மீன் மிதந்தன. ஐந்தாவது தண்ணீரின் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்து, நான் இருக்கும்போதே அடங்கியது. செவுளில் ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தால், நெல்லைக் கொட்டினாற்போல் நிறைந்திருந்தன. என்னோடு சண்டை போடுவார், இல்லாவிட்டால் பூண்டைத் திட்டுவார் என்று நினைத்தேன். கொடியிலிருந்து ஒரு பழைய வேஷ்டியை எடுத்துக் கிழித்து, மீன்களை ஒவ்வொன்றாக அதில் வைத்து மூடினார். பின்கட்டில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் அவரே குழி தோண்டினார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "வலி நின்னுடுத்துன்னு சொல்லித்தான் என் ஆத்துக்காரியும் டாக்டர்ட்ட வராம இருந்தா. நான்தான் சரியாயிடுத்தேன்னு சந்தோஷப்பட்டேன்."

மூன்று நாள் பேசாத வீடு

எப்போதும் அழுகைதான் என்றில்லை. பெருமாட்டியில் என் வீட்டுக்கு இரண்டு தோப்பு தள்ளி ஒரு தென்னை விவசாயி. மகள் படிக்கப் போகும்போது விட்டுப்போன தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. மீன் மேல் புள்ளி வந்துவிட்டது. மஞ்சள் அரைத்த கையைத் தொட்டிக்குள் விட்டதால்தான் வந்தது என்று மனைவி மேல் பழி. "ஏனுங்க, மஞ்ச கிருமியக் கொல்லும்பாங்க, கிருமியக் கொண்டாருமுங்களா?" என்று அந்த அம்மா என்னிடம் முறையிட, அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். மீன் மணலைக் கிளறிக்கொண்டு படுக்கிற ஜாதி. உடம்பில் ஒட்டியிருந்தது மணல். ஒரு குழாயால் மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சினேன். புள்ளி அத்தனையும் உதிர்ந்தது. அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் மருந்து டப்பாக்களைக் காட்டிக் கேட்டார்: "மூணு நாளா எங்கூட ஒரு வார்த்த பேசலீங்க இவரு. அதுக்கு இதுல எதாச்சு மருந்து இருக்குதுங்களா?"

சாந்தன்பாறையில் ஒரு வாளி

ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவர், எங்களிடம் மூன்று முறை மீன் வாங்கி மூன்று முறையும் சாகக் கொடுத்தார். ஷாகுல் அண்ணன் கடை மீனில் ஒட்டுண்ணி இருக்கிறது, அதுதான் காரணம் என்று போனில் சத்தம். கடைப் பெயர் கெடக்கூடாது என்று என்னை அனுப்பினார் அண்ணன். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறி, மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டே மலையேறினேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒரு மீன் மிச்சம் இருந்தது; அதுவும் சுழன்று சுழன்று விழுந்துகொண்டிருந்தது. தோலை வழித்துப் பார்த்தேன், சுத்தம். செத்த பிறகு செவுளைப் பார்த்தேன், அதுவும் சுத்தம். ஒரு ஒட்டுண்ணி கிடையாது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது அங்கே வேலை செய்கிற முருகன், ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் புதுத் தண்ணீர் ஊற்ற ஒரு பச்சை வாளியோடு வந்தார். முப்பது வயது இருக்கும், பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் குடும்பத்தோடு இருப்பவர். வாளிக்குள் குனிந்ததும் மூக்கில் ஏறியது. ஏலத்துக்குத் தெளிக்கிற பூச்சிமருந்து. மருந்து கலக்கிற வாளி அது. "நல்லா கழுவிட்டுத்தான்க்கா ஊத்துறேன்" என்றார் முருகன். முதலாளி என் முன்னாலேயே அவரைக் கண்டபடி ஏசிவிட்டு, மீனுக்கென்று தனியாக ஒரு புது வாளி வாங்கி வர உடனே ஆள் அனுப்பினார்.

கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு பஸ் நிறுத்தம் வரைக்கும்தான் இருந்தது. என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த முருகன், எவ்வளவு கழுவினாலும் அந்த மருந்து போகாதா என்று கேட்டார். பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டால் போகாது என்றேன். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குத் திரும்பிப் போய் அவர் வீட்டுக்கும் ஒரு வாளி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை. அவர் சொன்னது இதுதான்: "அந்த மாதிரி மருந்து வாளியிலதான்க்கா எங்க வீட்டுல பிள்ளைகள்லாம் குளிக்குதுக."

மாப்பிள்ளை

நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் புதிதாக டயாலிசிஸ் பிரிவு கட்டினார்கள். கட்டில்களுக்கு எதிரே ஆறடித் தொட்டி ஒன்று. அதில் பவளங்கள், அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு மீன். ஷாகுல் அண்ணனுக்குத்தான் அந்த ஆர்டர். ஆகவே லேப் டெக்னீஷியனாக வெளியே போன வாசல் வழியாக, வாரம் ஒருமுறை வாளியும் வலையுமாக நான் உள்ளே போனேன்.

வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், தாடைக்குக் கீழே வெள்ளை, முதுகில் மஞ்சள் துடுப்பு. மிக அழகான மீன். மிகச் சீக்கிரம் வெள்ளைப் புள்ளி பிடிக்கிற மீனும் அதுதான். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது ஆறாம் பெட் ரஹ்மத்தக்கா. டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மனைவி. "கறுத்த மூஞ்சி, வெள்ளைத் தாடி, மேல மஞ்சப் பட்டு. நிக்காஹ்வுக்குக் கௌம்பின மாதிரியே இருக்காரு" என்று அவர் சொன்னதிலிருந்து பிரிவு முழுக்க அதுவே பெயராகிவிட்டது. ஐந்தாம் பெட்டில் வேலுச்சாமி அண்ணன். வாளையார்க்காரர், இருபத்தைந்து வருடம் சிமெண்ட் லோடு லாரி ஓட்டியவர். இருவருக்கும் திங்கள், புதன், வெள்ளி, காலையில் நாலு மணி நேரம்.

ஒரு வெள்ளிக்கிழமை அங்கிருந்து லிஸி சிஸ்டர் போன் செய்தார். "சேச்சி, ஒண்ணு இங்க வரணும். அஞ்சாம் பெட்டு காலைல இருந்து மீனு மீனுன்னே பறயறாரு." போனேன். படுத்தபடியே வேலுச்சாமி அண்ணன் எனக்கு ரிப்போர்ட் கொடுத்தார். புதன்கிழமை ஒன்றுமில்லை, இன்றைக்கு இடது பக்கம் ஏழு, வாலுக்குப் பக்கத்தில் இரண்டு, மூச்சும் வேகமாக இருக்கிறது. லென்ஸை வைத்து எண்ணினேன். ஒன்பதுதான். எட்டடி தூரத்திலிருந்து இதையெல்லாம் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ரத்தக் குழாய் செருகியிருந்த கையைக் கண்ணால் காட்டினார். "நாலு மணி நேரம் இந்தக் கையத்தான் அசைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அம்மிணி. கண்ண ஒண்ணும் சொல்லலீங்க."

காலித் தொட்டி

பவளம் இருக்கிற தொட்டியில் ஒட்டுண்ணியைக் கொல்கிற செம்பு மருந்தை ஊற்ற முடியாது, பவளம் செத்துப்போகும். எனவே மாப்பிள்ளையைப் பிடித்துக் கடையின் பின்னறையில் ஒரு தனித் தொட்டிக்குக் கொண்டுபோனேன். ஆறடித் தொட்டி எட்டு வாரம் மீனில்லாமல் காலியாக இருக்க வேண்டும். மணலில் கூடு கட்டியவை வெளியே வந்து, ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் பட்டினியில் சாக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ஆஸ்பத்திரி மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. காலித் தொட்டியைப் பார்த்தால் நோயாளிகளுக்கு மனசு கெட்டுவிடும், அதே மாதிரி இன்னொரு மீனை விடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புது மீனும் சாகும். அதைவிட, படுத்துக் கிடக்கிறவர்களை ஏமாற்றக் கூடாது, அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று அவர் அறையில் நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். 'மீன் சிகிச்சையில் இருக்கிறது' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கண்ணாடியில் நானே ஒட்டினேன்.

அடுத்த முறை போனபோது வேலுச்சாமி அண்ணன் அந்தத் தாளைப் பற்றித்தான் பேசினார். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "இங்க ஒரு பெட்டு காலியானா, அடுத்த தடவ நாங்க வரதுக்குள்ள வேற ஆள் வந்து படுத்திருக்கறாங்க. போனவங்க எங்க போனாங்கன்னு யாரும் ஒரு தாள்கூட ஒட்டறதில்லீங்க."

காற்று

மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகப் பாலக்காட்டுக்குள் வருகிற காற்றை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உதடு வெடிக்கும், துணி அரைமணியில் காயும். தொட்டித் தண்ணீரும் காயும். தண்ணீர் ஆவியாகிப் போனால் உப்பும் மருந்தும் மட்டும் தங்கி, மிச்சத் தண்ணீரில் வீரியம் ஏறிவிடும். அதனால் முதலில் தொட்டியில் போட்ட கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்ப வேண்டும், பிறகு அளந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து. இதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

மூன்றாவது வாரம். மாப்பிள்ளையின் மேல் ஒரு புள்ளி இல்லை. கையிலிருந்து கீரையைப் பிடுங்கித் தின்றது. அன்று என் நாத்தனார் மகளின் சீருக்குப் போக வேண்டியிருந்தது. கணவர் வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஹாரன் அடித்தார். முந்தின நாள் அளவு மனதில் இருந்தது. தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயந்திரம் வந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று மருந்தை மட்டும் ஊற்றிவிட்டுப் போனேன். சாயந்திரம் வரவில்லை.

மறுநாள் காலையில் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பாதித் தண்ணீரை மாற்றினேன், காற்றுக் குழாயைக் கூட்டினேன், கையில் தாங்கி நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் வரை அப்படியே நின்றேன். என் உள்ளங்கையிலேயே நின்றுபோயிற்று. பழக்கதோஷம், செவுளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு ஒட்டுண்ணி இல்லை. நோய் முழுக்கத் தீர்ந்த மீன்.

ஷாகுல் அண்ணனிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு எதிர்க்கடைப் பக்கம் இரண்டு விரலைக் காட்டினார். சாயா வந்ததும் ஒன்றை என் முன்னால் வைத்தார். "நீங்க பாக்காம விட்டிருந்தா மூணு வாரத்துக்கு முன்னயே போயிருக்கும். அத மட்டும் நெனச்சுக்கிட்டு இதக் குடிங்க."

வலப்பக்கம்

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உண்மையைச் சொல்வது என்ற முடிவோடுதான் போனேன். உள்ளே நுழைந்ததும் ரஹ்மத்தக்கா கேட்டார்: "மாப்பிள்ள சாப்பிடறாரா?" இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். இரண்டு முறை தொடர்ந்து சிகிச்சை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்ததாக லிஸி சிஸ்டர் சொல்லியிருந்தார். "அவரு பொழச்சு வந்தா நானும் நோம்புக்கு வீட்டுல எழுந்து நடமாடுவேன்னு மனசுல வச்சிருக்கேன்" என்று சிரித்தார். கீரை தின்கிறார் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சொன்னேன்.

ஷாகுல் அண்ணன் சென்னையிலிருந்து அதே ஜாதி, அதே அளவில் ஒரு மீனை வரவழைத்தார். பெட்டி வாளையாரில் லாரி நெரிசலில் மாட்டி அரை நாள் தாமதமாக வந்தது. பையைத் திறந்து மீன் அசைவதைப் பார்க்கும்வரை எனக்கு மூச்சில்லை. ஐந்து வாரம் தனியாக வைத்து, இரண்டு முறை சளி எடுத்துப் பார்த்து, தினமும் கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பினேன். எட்டு வாரம் முடிந்து ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் அறையைத் தலை குனிந்தபடி கடந்து, அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டேன். தாளைக் கிழித்தேன்.

"அல்லாவே, வந்துட்டாரு!" என்றார் ரஹ்மத்தக்கா. லிஸி சிஸ்டர் கை தட்டினார். மற்றக் கட்டில்களிலும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வேலுச்சாமி அண்ணன் மட்டும் மீனைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருந்தார். மீன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது. "அண்ணே, அவருதானே? நீங்க சொல்லுங்க" என்று ரஹ்மத்தக்கா அவர் பக்கம் திரும்பினார். நான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். "அவரேதானுங்க. கொஞ்சம் எளச்சிருக்காரு" என்றார் அண்ணன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பிறகு நான் அவர் கட்டில் பக்கமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனபோது, உதடு அசையாமல், எனக்கு மட்டும் சொன்னார்: "பழையவரு இடப்பக்கமாத்தான் சுத்துவாருங்க. இவரு வலப்பக்கமா சுத்தறாரு."

ஆறாம் பெட்

ரஹ்மத்தக்கா நோன்புக்கு வீட்டில்தான் இருந்தார். நடமாடவும் செய்தார். பெருநாளுக்கு மறுநாள் ஒரு டப்பா நிறையப் பலகாரம் கொண்டுவந்து, தாங்கள் யாரும் சாப்பிடக்கூடாத இனிப்பு என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்து, சிஸ்டர்களுக்கும் எனக்கும் கொடுத்தார். மழை பிடித்த பிறகு ஒரு வாரம் நான் போனபோது ஆறாம் பெட்டில் வேறு ஒரு அம்மா படுத்திருந்தார்.

சில நாள் கழித்து ரஹ்மத்தக்காவின் கணவர் ஏதோ காகிதம் வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேலை முடிந்ததும் தொட்டி முன்னால் வந்து குடையை மடக்கிக்கொண்டு நின்றார். இவர்தானா அது, வீட்டில் எந்நேரமும் இவர் பேச்சுத்தான் என்றார். ஆமாம் என்றேன். மீன் அவர் நின்ற இடத்தைத் தாண்டி வலப்பக்கமாகப் போய்வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தன் மூச்சுப் பட்டுக் கலங்கியிருந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வேலுச்சாமி அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, காற்று, மருந்து, கோடு, ஹாரன், மேனேஜரிடம் செய்த பிரசங்கம் எல்லாவற்றையும் சொன்னேன். ரஹ்மத்தக்காவை ஏமாற்றி அனுப்பிவிட்டேனே என்றேன். அவர் கண்ணை மீனிடமிருந்து எடுக்கவில்லை. "உடுங்க அம்மிணி. அவங்க போற வரைக்கும் மாப்பிள்ள உசுரோடதானுங்க இருந்தாரு."

மீனுக்கு என்ன என்று கேட்டு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் மீனைப் பற்றிக் கேட்க வரவில்லை என்று கண்டுபிடிக்க, எனக்கு ஒரு மைக்ராஸ்கோப்பும் ஆறு வருடமும் நான் கொன்ற ஒரு மீனும் தேவைப்பட்டன.